மாடிப்படிக்குக் கீழே ஒரு புனிதர்

காலையில் காபி டம்ளரை எடுத்ததும் அதன் வாயை இடது கையால் பொத்திக்கொள்வது என் வழக்கம். முதல் முறை பார்ப்பவர்கள் இதைப் பர்மாச் சம்பிரதாயம் என்று எண்ணி, மரியாதையாக வேறு பக்கம் பார்க்கிறார்கள். சம்பிரதாயமுமில்லை, ஒன்றுமில்லை, தற்காப்பு. ராயபுரத்தில் நான் குடியிருப்பது மாடிப்படிக்கு அடியில். மேலே இருக்கும் கயிற்று வியாபாரி மரைக்காயர் தொழுகை முடித்துக் கடைக்கு இறங்கும்போது, பலகை இடுக்குகள் வழியாக முதலில் மணல் விழும், பிறகு கயிற்றுத் தும்பு விழும். அவர் சம்சாரம் இறங்கினால் படி முனகும். பிள்ளைகள் இறங்கினால் என் தலைமேல் ஒரு கூட்ஸ் ரயில் போகும். கூடவே பொரிகடலை உதிரும். ஆளைப் பார்க்காமல் காலைக் கேட்டே இன்னார் என்று சொல்லும் வித்தை எனக்குக் கைவந்திருக்கிறது. அதனால் இதுவரை ஒரு பிரயோசனமும் ஏற்பட்டதில்லை.

ரங்கூன் மொகல் தெருவில் இன்னும் கடை வைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே எந்த ஆண்பிள்ளையாவது மாடிப்படிக்கு அடியில் உட்கார்வானா? ஆணுக்கு 'போங்' என்று ஒன்று உண்டு என்பான் பர்மாக்காரன். மகிமை, தேஜஸ், அந்த மாதிரி ஏதோ. தலைக்கு மேலே பிறத்தியார் கால் நடமாடினால் அது கரைந்துபோகும். நாமெல்லாம் தமிழர்கள், அதையெல்லாம் நம்பவில்லை. ஆனால் படிக்கு அடியில் உட்காரவுமில்லை. எங்கள் வீடு மர வீடு. படியேறுமுன் செருப்பைக் கீழே விட்டுவிட வேண்டும். படியடியில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே மேலே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே செருப்புக் காலோடு ஏறுகிறார்கள். ஆகவே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் 'போங்' முழுவதும் கரைந்திருக்கும். முதலில் எவ்வளவு இருந்தது என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

சந்தேகம் என்றதும் சொல்கிறேன். தாய்நாடு என்று நாம் அங்கே கூட்டம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தோமே, அந்தத் தாய் என்னைப் பார்த்த முதல் பார்வை சந்தேகப் பார்வைதான். ஜப்பான்காரனின் குண்டு விழுந்து, கிடைத்த கப்பலில் டெக்கில் இடம் பிடித்து, சென்னைத் துறைமுகத்தில் இறங்கினேன். நான் ஓடி வந்து சேர்ந்தபோது சென்னை ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயும் குண்டு விழப்போகிறது என்று பேச்சு. ராயபுரத்திலிருந்து மாட்டு வண்டிகள் அம்மி, குழவி, ஆட்டுக்குட்டி சகிதம் ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு எதிர்த் திசையில் தகரப் பெட்டியோடு நடந்து வந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் ஓடுகிற ஊருக்குள் ஒருவன் நிதானமாக நுழைகிறான் என்றால், அவனை எதிரி அனுப்பியிருக்க வேண்டும் அல்லது அவனுக்குப் புத்தி சரியில்லாமலிருக்க வேண்டும். இரண்டில் எது என்று ராயபுரம் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாடகைக்கு வீடு தேடியலைய வேண்டிய அவசியமே இல்லை, தெருவெல்லாம் காலி. ஒரு வாசலில் மட்டும் ஒரு பெண்மணி உட்கார்ந்து, கப்பலின் சரக்கு அறையை மூடும் பெரிய கித்தானைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். செலினம்மாள். அவள் ஓடவில்லை. மேல் மாடியும் காலி (மரைக்காயர் வந்தது பிற்பாடு), பின்கட்டும் காலி, எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள், வாடகை ஒன்றுதான் என்றாள். நான் மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையைக் கை காட்டினேன். அவள் ஊசியை நிறுத்தி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். ரங்கூன் என்றேன். அவ்வளவுதான், அன்று அவள் முகத்தில் ஏறிய சந்தேகம் ஆறு வருஷம் இறங்கவில்லை.

காரணம் பிறகு தெருவார் சொல்லித் தெரிந்தது. அவள் புருஷன் சூசைமுத்து ரங்கூன் துறையில் சரக்குத் தூக்கும் விஞ்சு யந்திரம் ஓட்டப் போனவர். ஒரு தடவை வந்தபோது கையோடு பர்மாத் தேக்குப் பலகைகள் கொண்டுவந்து இந்த மாடிப்படியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் அங்கே ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவன். படியைத் தொட்டதுமே அது எந்த ஊர் மரம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சூசைமுத்துவைத்தான் தெரியவில்லை. ரங்கூன் துறையில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில். தெரியாது என்று சொன்னேன். செலினம்மாள் நம்பவில்லை.

அவள் சண்டை போட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் குழம்பு கொடுத்தனுப்பினாள். வஞ்சிரக் குழம்பு வரும். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால், ரங்கூனில் விஞ்சு ஓட்டுகிறவர்களெல்லாம் எந்தப் பக்கம் குடியிருப்பார்கள் என்று கேள்வி வரும். இறால் தொக்கு வந்தால், குண்டு விழுந்த அன்றைக்குத் துறையில் வேலை நடந்ததா என்று கேள்வி. ஙப்பி என்கிற பர்மா மீன் விழுதைத் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. கேள்வி வருமென்று தெரிந்தும் குழம்பை மறுக்க முடிந்ததில்லை. ஒவ்வொரு கவளத்தையும் இதற்கு என்ன கேட்கப்போகிறாளோ என்ற கவலையோடுதான் விழுங்கினேன். அவள் கேட்கும்போதெல்லாம் 'அவரு' என்பாள், அவ்வளவுதான். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் இங்கே பெண்களுக்கு இல்லை. அங்கே பிறந்த நம் பெண்கள் மட்டும் சொன்னார்களா என்ன?

அந்தப் பெயரில்தான் அவளுடைய கஷ்டம் முழுவதும் இருந்தது. நவம்பர் மாதம் ஆத்துமாக்கள் திருநாள் வரும். இறந்துபோனவர்களின் பெயரைக் கோயிலில் கொடுத்துப் பூசை வைப்பார்கள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒவ்வொரு வருஷமும் உபதேசியார் வந்து வாசலில் நிற்பார். வேதபாடம் சொல்லித் தருகிறவர், கனத்த சரீரம், அதைவிடக் கனத்த சாரீரம். பெயரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் வீட்டுக்காரி வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. சொன்னால் சூசைமுத்து இறந்தவர், அவள் தாலியைக் கழற்ற வேண்டும். சொல்லாவிட்டால், இறந்த மனுஷனின் ஆத்துமாவுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட இல்லாமல் செய்த பாவி. செலினம்மாள் கித்தானைத் தைத்துக்கொண்டேயிருப்பாள். உபதேசியார் போன பிறகு என் அறைப் பக்கம் ஒரு பார்வை வரும். பதில் என் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது போன்ற பார்வை. தெருவிலும் என் பெட்டிமேல் பலருக்குக் கண். பர்மாக்காரன் பெட்டி என்றால் அடியில் தங்கக் கட்டி இருக்கும் என்பது இந்த நாட்டின் உறுதியான நம்பிக்கை. என் பெட்டியின் அடியில் இருந்தது துரு.

இந்த நிலையில்தான் ஓபரா வந்தது.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு வெள்ளைக்கார சாமியார் வந்து சேர்ந்திருந்தார். எந்தத் தேசத்தவர் என்று யாருக்கும் நிச்சயமில்லை. யுத்த காலத்தில் வேறெங்கோ இருந்தபோது ஜெர்மன்காரர் என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் அவரை வாரா வாரம் வந்து பார்த்ததாகப் பேச்சு. பிடில் வாசிப்பார், அதனால் பிடில் சாமியார். தமிழை அகராதியில் கற்றவர். ஒரு நாள் மாலை துறைமுகத்திலிருந்து நான் திரும்பியபோது என் அறை வாசலில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நிமிர இடமில்லை.

"அன்பரே, தாங்கள் நூல் பல கற்றவர் எனக் கேள்வியுற்றேன். எனக்குச் சொற்கள் வேண்டும்" என்றார்.

ஒரு சிறிய சங்கீத நாடகம் போடப்போகிறாராம். ஓபரா. பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டு. பெரிய மேடை வேண்டாம். கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கூடம் போதும். ஒரு பிடில், ஒரு ஆர்மோனியம், பாட நாலைந்து பேர், ஆட ஒருவர். கதை ஒரு புனிதரின் கதை. அப்போதெல்லாம் அர்ச்சியசிஷ்டவர் என்பார்கள். அதை நாக்குப் புரளாமல் சொல்வதற்கே கொஞ்சம் தவம் செய்திருக்க வேண்டும். அலெக்சியார் என்று ரோமாபுரியில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. கலியாண ராத்திரியே பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கடல் கடந்து போய்ப் பிச்சைக்காரனாகத் தவம் செய்தார். பிறகு கந்தலோடு சொந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிச்சைக்காரனுக்கு இரக்கம் காட்டி, மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். பதினேழு வருஷம் அங்கேயே கிடந்தார். வேலைக்காரர்கள் அவர்மேல் கழுநீரை ஊற்றினார்கள். மேலே மனைவி அழுவது கேட்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்த பிறகுதான் யாரென்று தெரிந்தது.

நான் சாமியாரைப் பார்த்தேன். என் தலைக்கு மேலிருந்த படியைப் பார்த்தேன். இந்த மனுஷர் இந்தக் கதையை ஏன் என்னிடம் வந்து சொல்கிறார், யார் அனுப்பி வந்திருக்கிறார் என்று எனக்கு யோசனை ஓடியது. அவர் முகமோ பால் குடித்த குழந்தையின் முகம். எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று.

புனிதர் ஆடலாமா என்று பங்கில் பெரிய கொந்தளிப்பு. சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், ஆடினால் பாதகமில்லை, அர்ச்சியசிஷ்டவர் ஆடினால் தேவதூஷணம் என்றார் உபதேசியார். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அங்கே ப்வே என்கிற ராத்திரிக் கூத்துப் பார்க்க உட்கார்ந்தால், புத்தர் பெருமானின் முற்பிறவியே மேடையில் வந்து ஆடிவிட்டுப் போகும்; கிழவிகள் சுருட்டுப் பிடித்துக்கொண்டே கும்பிடுவார்கள். பிடில் சாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். புனிதர் படுத்தபடி பாடுவார். அவருடைய ஆத்துமா தனியாக வெளியே வந்து ஆடும். ஆத்துமாவை யாரும் பார்த்ததில்லையாதலால் அது ஆடாது என்று உபதேசியாராலும் சாதிக்க முடியவில்லை. மேலும், படுத்தபடி பாடும் புனிதர் வேஷத்தை அவருக்கே கொடுத்ததும் மிச்சமிருந்த ஆட்சேபணையும் அடங்கிப் போயிற்று.

ஆத்துமாவுக்கு ஆள் பிடித்தவன் நான். துறைமுகத்தில் நான் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி குமாஸ்தா. மூட்டை தூக்கும் கூட்டத்தில் கன்னியப்பன் என்று ஒருவன், திருவொற்றியூர்க்காரன், தெருக்கூத்தில் கட்டியங்காரனிலிருந்து திரௌபதை வரை எல்லாம் கட்டியவன். சாமியார் அவனுக்கு ஆத்துமாவின் தாகம், ஏக்கம், இருட்டு என்று அரை மணி நேரம் விளக்கினார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நைனா, சாமி சொல்றது பெரிய விசயம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் செத்தப்பால ஆடணுமா, செத்துக்கினே ஆடணுமா?"

இரண்டும் என்றேன். "அப்டின்னா சலங்கை வோணும்" என்றான். சலங்கை கூடாது என்றார் சாமியார். அலெக்சியார் என்ற பெயர் மட்டும் கடைசி வரை அவன் வாயில் நுழையவில்லை. பெரியவர், ரோமாபுரியார், படிக்கட்டுச் சாமி என்று நாளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டான்.

மேடையில் மாடிப்படி வேண்டுமே? கித்தானில் படி வரைந்து தைக்க செலினம்மாளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையன்று மாதாவின் துக்கப் பாட்டை அவள் பாடினால் மீன் ஏலம் விடுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். புனிதரின் மனைவிக்கு அந்தக் குரல்தான் வேண்டுமென்று சாமியார் ஒற்றைக்காலில் நின்றார். பொம்பளை மேடையேறுவதா என்று பேச்சுக் கிளம்புமுன், கித்தானுக்குப் பின்னாலிருந்து பாடட்டும், முகம் தெரிய வேண்டாம் என்று ஏற்பாடாயிற்று. சாமியார் கதை சொல்லச் சொல்ல அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். மனைவி மேலே அழும் இடம் வந்தபோது ஊசி நின்றது.

"அத்த கேட்டுக்கினேவா படுத்துக்கினு இருந்தாரு?"

ஆம், அந்த மௌனமே அவருடைய பலி என்றார் சாமியார். அவள் என்னைப் பார்த்தாள். சாமியாரை அல்ல, என்னை.

முடிவில் மனைவிக்கு ஒரு பாட்டு. புருஷன் புனிதர் என்று தெரிந்ததும், 'பாக்கியவதி நான்' என்று ஆண்டவரைத் துதிக்க வேண்டும். சாமியார் கேட்டபடி நான் எழுதிக் கொடுத்தேன். எதுகை மோனை குறைவில்லாமல், உயிர் மட்டும் இல்லாமல். செலினம்மாளுக்கு வாசித்துக் காட்டியபோது, இதைப் பாட மாட்டேன் என்றாள். சாமியார் சமாதானம் சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கிட்டாள்.

"அவரு மோட்சம் பூட்டாரு, சரி சாமி. பதினேழு வருசம் அவ தெனம் அவருக்குச் சோறு எடுத்து வெச்சாளா, இல்லியா? கதைல அத்த யாரும் சொல்லலியே. அவ பேரு இன்னான்னுகூடச் சொல்லலியே."

சாமியார் அகராதியை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். மறுநாள் அவளே வந்து, பாடுகிறேன், எழுதினபடியே பாடுகிறேன் என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் அவள் குழம்பு சாப்பிட்டவன் நான். கேள்வி இல்லாமல் அவளிடமிருந்து எதுவும் வந்ததில்லை.

நாடகம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அந்தக் கிழமைதான் வினை. செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, ரொட்டி வாங்கிக் கோயில் வாசலில் ஏழைகளுக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். அன்று ஜனங்கள் இடம் பிடிக்கும் அவசரத்தில் ரொட்டியும் கையுமாக நேரே கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். பிடில் தொடங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: நன்றாக இருந்தது. நம் காதுக்குப் பழக்கமில்லாத ராகம், நடுவில் நம்முடைய துக்கப் பாட்டு மாதிரி ஒரு இழை. கன்னியப்பன் சலங்கையில்லாத காலோடு, வெள்ளை வேட்டியில், தரையைத் தொடுகிறானா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஆடினான். படுத்திருந்த உபதேசியார் மேல் வேலைக்காரன் கழுநீர் ஊற்றும் கட்டம் வந்தது. 'பசிக்கிறது ஆண்டவரே, இதுவும் உமக்கே' என்று அவர் அடித்தொண்டையில் பாடினார்.

முன் வரிசையிலிருந்து ஒரு மீன்காரப் பெண்மணி எழுந்து, நேரே போய், அவர் நெஞ்சின்மேல் ஒரு ரொட்டியை வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் வரிசை. ஏழை படுத்திருக்கிறான், பசி என்கிறான், கையில் ரொட்டி இருக்கிறது, கிழமை செவ்வாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிடில் சாமியாரின் வில் தாளம் தவறியது. ஆனால் கன்னியப்பன் கூத்தாடி. ஜனம் மேடைக்குள் வருவது அவனுக்குப் பழக்கம். ரொட்டி ஒன்றை எடுத்துத் தலைக்குமேல் ஏந்தி ஆடினான். அதைப் பார்த்த சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, எழுதாத எதையோ வாசிக்க ஆரம்பித்தார். நான் பார்த்த ஓபரா அந்தச் சில நிமிஷம்தான்.

பிறகு புனிதர் இறந்தார். ரொட்டிகளுக்கு நடுவே உபதேசியார் அசையாமல் கிடந்தார். கித்தானுக்குப் பின்னாலிருந்து செலினம்மாளின் குரல் வந்தது. 'பாக்கியவதி நான்' என்று நான் எழுதிய முதல் அடி. இரண்டாவது அடிக்குப் பதில் ஒரு இடைவெளி. பாட்டை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், துக்கப் பாட்டின் மெட்டில், மிக மெதுவாக, அவள் கூப்பிட்டாள்.

"சூசைமுத்து..."

ஆர்மோனியம் நின்றது. பிடில் நின்றது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து அந்த வாய் அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்று கூடத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அது பாட்டாக இல்லை. வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "சூசைமுத்து, கீறியா?"

எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னேன். ஒருவனைத் தவிர. கன்னியப்பன் திருவொற்றியூர்க்காரன், செலினம்மாளின் கதை அவனுக்குத் தெரியாது. படிக்கட்டுச் சாமிக்கு இப்படியும் ஒரு பெயர் போலிருக்கிறது என்று நினைத்தான். கித்தான் படியின் அடியிலிருந்து, ஆத்துமா, தலையைத் தூக்கி, கணீரென்று பதில் சொல்லிற்று:

"கீறேன் தாயீ. இங்கதான் கீறேன்."

இறந்து கிடந்த உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அதற்குப் பின் பாட வேண்டிய துதிப் பாட்டை யாரும் பாடவில்லை. ஓபரா அங்கேயே முடிந்தது. சாமியார் பிடிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஏன் அப்பா பேசினாய், மௌனமல்லவா இந்தக் கதை என்று கன்னியப்பனைக் கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. "ஒரு பொம்பள மூணு தபா கூப்புட்றா. பதில் குடுக்காம நின்னா எங்க ஊர்ல கல்லால அடிப்பாங்க சாமி" என்றான். அந்தப் பதிலைப் பற்றிச் சாமியார் ரொம்ப நாள் யோசித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதன் பிறகு அவர் அந்த ஓபராவை வேறெங்கும் போடவில்லை.

ராயபுரம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வீட்டுக்காரி வாயால் பெயர் வந்துவிட்டது, ஆகவே இந்த நவம்பரில் எழுதிவிடலாம் என்று உபதேசியார் கட்சி. பெயர் வந்தது சரி, ஆள் 'கீறேன்' என்று பதில் சொன்னதைக் காதால் கேட்டோமே, அதற்கென்ன சொல்கிறீர் என்று மீன்காரப் பெண்கள் கட்சி. மூன்றாவதாக ஒரு சின்னக் கட்சியும் இருந்தது. அது என்னைப் பற்றியது. பதில் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வந்ததல்லவா? செலினம்மாள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் ரங்கூனிலிருந்து வந்த ஒருவன் ஆறு வருஷமாகக் கிடக்கிறானல்லவா? சூசைமுத்துவுக்கு என்னைவிட ஒரு முழம் உயரம், நிறமும் வேறு என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் தவம் செய்தால் மனுஷன் குறுகிப்போவானே! தெருவில் போகும்போது என் கால்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்தால், என் அறை வாசலில் இரண்டு ரொட்டி. கேலியா, பக்தியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. சைவனாகப் பிறந்து, ஙப்பியில் வளர்ந்து, அந்தோனியார் ரொட்டியில் வந்து நிற்கிறேன். ரொட்டி நன்றாகவே இருந்தது.

செலினம்மாள் அதற்கப்புறம் குழம்பு அனுப்பவில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவள் நேராக என் அறை வாசலுக்கு வந்து நின்றாள். கையில் தட்டு இல்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரங்கூனப் பத்தி இல்ல. நீ வந்த அன்னிக்கு மேல மாடி காலியா இருந்திச்சு. காத்து வரும், கடலு தெரியும். வாடகை ஒண்ணுதான்னு சொன்னேன். அத்த வுட்டுட்டு இந்தப் பொந்துல ஏன் பூந்தே?"

ஆறு வருஷத்தில் அவள் இதைக் கேட்டதேயில்லை. மற்ற கேள்வியெல்லாம் இதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மறைக்க எதுவும் இல்லாதவன் படிக்கு அடியில் போய் ஏன் ஒளிகிறான்?

நான் உள்ளதைச் சொன்னேன். மழைக்கு முன்னால் ரங்கூனுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பிப் போகிறவனுக்கு மாடி எதற்கு? மாடியில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டு காற்று வாங்கினால், இங்கேயே இருந்துவிடுவேனோ என்று பயம். பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. மழையும் வந்தது, யுத்தமும் முடிந்தது. இதோ இந்த வருஷம் பர்மாவும் சுதந்திர நாடாகிவிட்டது. நான் பிறந்த ஊருக்குப் போக நான் இனிமேல் அந்நியனாக மனுப் போட வேண்டும். உன் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது, அம்மா. தெரிந்திருந்தால் முதல் குழம்பிலேயே சொல்லியிருப்பேன்.

அவள் என் தகரப் பெட்டியைப் பார்த்தாள்.

"அப்ப நீயும் காத்துக்கினுதான் கீறியா" என்றாள். கேள்வி இல்லை; கண்டுபிடிப்பு. பிறகு, நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "இத்த மொதல்லியே சொல்லியிருந்தா எனக்கு எத்தினி மீனு மிச்சம்."

நவம்பர் வந்தது. உபதேசியார் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை அவர் பெயரைக் கேட்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சும்மா நின்றார். பெயரை எழுத வேண்டாம் என்றாள் செலினம்மாள். ஆனால் மெழுகுவர்த்தி ஒன்று கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டாள். எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போன பிறகு, வெளிச்சம் மங்கும் நேரத்தில், என் தலைக்கு மேலே அவளுடைய காலடி கேட்டது. ஏறினாள், நின்றாள், இறங்கினாள். வெளியே வந்து பார்த்தேன். தேக்குப் படியின் நடுவே ஒரு படியில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கடற்காற்றுக்கு மறைப்பாக ஒரு துண்டுக் கித்தான்.

இது போனவருக்கா, வரப்போகிறவருக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் அவளிடம் ஆறு வருஷம் பாடம் படித்தவனாயிற்றே.

"நடுப்படியிலதானே வெச்சுக்கீறேன். உனக்கின்னா" என்றாள்.

நான் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மரைக்காயர் கடையிலிருந்து வந்தார். படியருகே அவர் தயங்குவது கேட்டது. எரிகிற விளக்கைத் தாண்டிச் செருப்புக் காலோடு ஏறுவது அவருக்கு ஒப்பவில்லை போலும். கழற்றிக் கீழே விட்டார். அப்புறம் அவர் பிள்ளைகள், அவர்களும் விட்டார்கள். அப்புறம் அவர் சம்சாரம். வெறுங்கால்கள் என் தலைக்கு மேலே மெத்து மெத்தென்று ஏறின. நடுவில் வந்ததும் ஒரு படியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த படியில் காலை வைத்தன. மணல் விழவில்லை. இடுக்கின் வழியாக ஒரு சொட்டு மெழுகு மட்டும் என் தகரப் பெட்டியின்மேல் விழுந்து உறைந்தது.

அந்த மெழுகை நான் இன்னும் சுரண்டவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அதன்மேல் இன்னொரு சொட்டு விழுகிறது. அன்று மாலை மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன்: படியடியில் பெரிதும் சிறிதுமாகச் செருப்புகள் கிடக்கின்றன. மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.